குரல் நின்றால் வண்டி நிற்கும்

பாய்,

உன் செட்டை மறுபடியும் கையில் எடுப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. போன மாதம் யார்டு ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேஜை மேல் மூன்று வாக்கி டாக்கி இருந்தன. இரண்டு புத்தம் புதுசு, மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் காகிதத்தைக்கூட உரிக்கவில்லை. மூன்றாவது பழசு. புதுசோடு ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டோரிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதன் தோல் உறையின் பட்டனைக் கழற்றினேன். குப்பென்று உன் கிராம்பு வாசனை. உறையின் மூலையைத் தடவினால் காய்ந்துபோன கிராம்பு விரலில் தட்டுப்பட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆபீசர் புதிதாக வந்தவர், தங்கமான மனிதர். "என்னாச்சு, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார். இது என் கூட்டாளியோட செட்டு" என்றேன். அவர் உடனே அதை மேஜையிலிருந்து எடுக்கப் போனார். இருக்கட்டும் என்று நான் தடுத்துவிட்டேன்.

நாம் செய்த வேலையை உனக்கே விளக்குவது கிறுக்குத்தனம்தான். ஆனாலும் எழுதுகிறேன், நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. கொருக்குப்பேட்டை யார்டிலிருந்து மணலிப் பக்கம் போகும் தனிப் பாதையில் வேகன்களை உள்ளே தள்ளுவோம். இழுப்பது இல்லை, தள்ளுவது. என்ஜின் பின்னால், நான் அதற்குள்ளே. முன்னால் ஒரு தெரு நீளத்துக்கு வேகன். அதற்கும் முன்னால், முதல் வேகனின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு நீ. எனக்குத் தெரிவதெல்லாம் கடைசி வேகனின் முதுகு. பாதையில் மாடு நின்றாலும், குழந்தை ஓடினாலும், தடம் மாற்றும் பாயிண்ட் தப்பாகத் திரும்பியிருந்தாலும் நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும். நான் ஓட்டினேன் என்று பெயர். உண்மையில் உன் வாய்தான் ஓட்டியது.

அதனால்தான் நம் ஆட்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தள்ளும்போது முன்னால் நிற்பவன் வாயை மூடவே கூடாது. பேசிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால், காரணம் எதுவானாலும், வண்டி நிற்கும். பேட்டரி போயிருக்கலாம், செட் கீழே விழுந்திருக்கலாம், ஆளே விழுந்திருக்கலாம். கேட்டுக்கொண்டிருக்க நேரம் கிடையாது. முதலில் பிரேக், அப்புறம்தான் கேள்வி. மற்றவர்கள் இதற்காக "வா, வா, வா" என்று ஏலம் விடுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போவார்கள். உனக்கு அது போதவில்லை.

"வா மாமு, வந்துகினே இரு. நேத்து வூட்ல இறா தொக்கு. இன்னா டேஸ்ட்டுன்ற? வா, வா. அவ கைக்கு ஒரு வளையல் போட்டாத் தகும். மெதுவா, வளைவு வருது. மெஷின்ல ஊசி ஒடைஞ்சிருச்சாம், பேஜாரா உக்காந்துகினு இருந்தா. வந்துகினே இரு. வண்ணாரப்பேட்டை போயி வாங்கியாந்து குடுத்தேன், மூஞ்சிய பாக்கணுமே. வா மாமு."

யார்டு முழுக்க ஒரே சேனல். நீ பேசுவது அத்தனை பேர் காதிலும் விழும். "பாய், கொஞ்சம் வாயை மூடேன், எங்களுக்கும் வேலை கீது" என்று கேட் ஆள் கத்துவான். "மூடுனா வண்டி நின்னுடும், பரவால்லியா?" என்று நீ கேட்பாய். சட்டம் உன் பக்கம் இருந்தது.

அன்றைக்கும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாய். நல்ல உச்சி வெயில். மணலிப் பக்கத்துக் கந்தக வாடை யார்டு வரைக்கும் வந்திருந்தது. வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே வளைவுக்கு முன்னால் இறங்கி, பாயிண்ட் லீவர் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க நடந்தாய். நடந்துகொண்டே பேசினாய். பாதி வாக்கியத்தில் குரல் நின்றது. நான் பிரேக் போட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் பழைய செட்டுகளின் பேட்டரி சாயங்காலம் வரை தாங்கினால் ஆச்சரியம். அதனால் பேட்டரி என்றே முடிவு கட்டி, உன்னை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே இறங்கி, வேகன்களை ஒட்டி நடந்து வந்தேன். அவ்வளவு நேரமும் உன்னை எப்படிக் கிண்டல் பண்ணுவது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன், பாய்.

நீ லீவர் பெட்டியில் முதுகு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். கண் திறந்திருந்தது. செட் பட்டையோடு நெஞ்சில் நேராகத் தொங்கியது. நீட்டிய இரண்டு காலும் தண்டவாளத்துக்கு மேலே இருந்தன. முதல் வேகனின் சக்கரம் உன் செருப்பிலிருந்து ஒரு குடை நீளத்தில் நின்றிருந்தது. நான் பார்த்தது இதுதான். அன்றிலிருந்து நான் குடையைத் தொடுவதில்லை. மழைக்காலத்தில் கோட்டுதான் போடுகிறேன்.

மாரடைப்பு, உட்காரும்போதே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். உன்னைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, முகம் காட்டினார்கள். முழுசாக இருந்தாய். உன் மனைவி ரஹீமாவிடம், "வேலைக்கு நடுவுல உக்காந்தாம்மா, அப்படியே போயிட்டான்" என்று மட்டும் சொன்னேன். சக்கரத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில் அவளிடம் போய் யார்தான் அதைச் சொல்வார்கள்?

இப்போது அடுத்த அதிர்ச்சியைக் கேள். உன் வேலை ரஹீமாவுக்குக் கிடைத்தது. ஆபீஸ் வேலை எதுவும் காலி இல்லையாம். பயிற்சிக்கு அனுப்பி, உன்னைப் போலவே பாயிண்ட்ஸ்மேனாகப் போட்டுவிட்டார்கள். ஒரு நாள் காலையில் டீக்கடைப் பக்கம் திரும்பினால், தலையில் துணி கட்டி, அதற்கு மேல் ஹெல்மெட், ஆரஞ்சுக் கோட்டு. "அண்ணே, உங்க வண்டிலதான் போட்டுகீறாங்க" என்றாள். டீ டம்ளர் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் "வாங்கண்ணே, டீ குடிங்க" என்பதைத் தாண்டி என்னிடம் ஒரு வார்த்தை பேசியிராத பெண். அவள் போய் உன் படிக்கட்டில் தொங்கினாள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. கொக்கி மாட்டுவது, பாயிண்ட் போடுவது எல்லாம் உன்னைவிடச் சுத்தம். பேச்சுதான் வராது. "வா... வா..." என்று குழாய் சொட்டுகிற மாதிரி ஒரு குரல். என்ஜின் இரைச்சலில் அதைக் கேட்பதற்குள் என் காது ரெண்டும் முன்னால் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சொட்டுக்கும் நடுவில் என் கை பிரேக்கைத் தேடும். ஒரு தடவை வேகன் தள்ளி முடிப்பதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிடும். "சத்தமா பேசும்மா" என்றால், "இத்தினி ஆம்பளைங்க கேட்டுகினு இருக்காங்களேண்ணே" என்பாள்.

இந்த நிலையில்தான் அந்த இரண்டு புது செட்டுகள் வந்தன. யாருக்கு எது ஒத்துவரும் என்று ஓட்டுகிற ஆட்களே சொல்லட்டும் என்று ஆபீசர் விட்டுவிட்டார். விற்க வந்த பையன் கழுத்துப்பட்டையெல்லாம் கட்டிக்கொண்டு யார்டு வெயிலில் நின்றான். முதல் செட் நம் பழசுக்குத் தம்பி மாதிரி. கையில் பாதி கனம்தான். கையுறையோடு அழுத்தப் பெரிய பட்டன். மழையில் நனையலாம், பேட்டரி ஷிப்ட் முழுக்க நிற்கிறது. தூரம் கூடக்கூடக் கரகரப்பு வரும், அது ஒரு வகையில் நல்லது, ஆள் தள்ளிப் போகிறான் என்று காது முன்கூட்டியே சொல்லிவிடும். இரண்டாவது செட் ராஜா வீட்டுப் பிள்ளை. என்ஜினுக்குள் மாட்ட ஒரு பெட்டி, கையில் வைத்துக்கொள்ள ஒன்று. ஹார்ன் சத்தம், இரும்புச் சத்தம் எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டுக் குரலை மட்டும் கொடுக்கிறது. ரஹீமாவின் "வா" என் பக்கத்து சீட்டிலிருந்து கேட்டது. நான் அசந்துபோனேன். அந்த நிமிடமே என் ஓட்டு அதற்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பையன் அதன் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னப் பூட்டு சுவிட்சைத் தள்ளிக் காட்டினான். டிக், டிக், டிக் என்று என்ஜின் பெட்டியில் சத்தம் வர ஆரம்பித்தது. "இந்த டிக் வர்ற வரைக்கும் தொடர்பு நல்லா இருக்குன்னு அர்த்தம் சார். நின்னா வண்டிய நிறுத்திடலாம். முன்னால நிக்கிற ஆள் பேசவே வேணாம், செட்டே பேசும்" என்றான். செட் சாய்ந்து கிடந்தால் அபாய மணி வேறு அடிக்குமாம். படுக்க வைத்துக் காட்டினான். ஊரைக் கூட்டுகிற மாதிரி அடித்தது.

ரஹீமாவின் முகம் மலர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். "அண்ணே, இதே போதும். ஷோக்காகீது. இனிமே நான் கத்தத் தேவையில்ல" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன். சட்டை நனையாமல் வேலை பார்க்கலாம் அல்லவா?

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். டிக், டிக் என்று பெட்டி பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. என் தோள் இறங்கியது, கால் நீட்டிக்கொண்டேன். வளைவு நெருங்கியது. உன் லீவர் இருக்கும் அதே வளைவு. அந்த இடத்தைப் பேச்சுத் துணை இல்லாமல் கடக்க எனக்குப் பிடிக்காது. அதனால் பேச்சுக் கொடுக்கலாம் என்று, "ரஹீமா, வளைவு வந்துருச்சாம்மா?" என்றேன். டிக். "ரஹீமா?" டிக். "ஏம்மா, ஒரு வார்த்தை பேசு." டிக், டிக், டிக்.

பாய், அந்த டிக் யாருடையது? அவளுடையதா, அந்தப் பெட்டியுடையதா? அவள் படியில் நிற்கிறாளா, லீவர் பெட்டியோரம் உட்கார்ந்திருக்கிறாளா, எதுவுமே அதற்குத் தெரியாது. அன்றைக்கு உன் நெஞ்சில் இந்த செட் தொங்கியிருந்தால்? செட் சாயவில்லை, உன் நெஞ்சில் நேராகத்தான் தொங்கியது. அபாய மணி அடித்திருக்காது. டிக் நின்றிருக்காது. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அது என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். நானும் காலை நீட்டிக்கொண்டு வந்துகொண்டே இருந்திருப்பேன்.

டிக் அடித்துக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை இழுத்தேன். வேகன்கள் ஒன்றோடொன்று மோதிக் குலுங்கி நின்றன. இறங்கி ஓடினேன். இந்த வயதில், இந்த முட்டியோடு, வேகன்களை ஒட்டி ஓடினேன். அன்றைக்கு நடந்துதான் வந்தேன், அது வேறு நெஞ்சைக் குத்தியது.

ரஹீமா படிக்கட்டில்தான் நின்றிருந்தாள். "இன்னாண்ணே, ஏன் நிறுத்திட்டீங்க? சத்தம் நல்லாத்தானே வந்துகினு இருந்துச்சு?" பூட்டுப் போட்ட செட் அனுப்பிக்கொண்டே இருக்குமாம், அந்த நேரத்தில் எதிர்ப் பேச்சு அதில் கேட்காதாம். நான் கூப்பிட்டது அவள் காதுக்குப் போகவே இல்லை. நான் பதில் சொல்லாமல் உன் லீவர் பெட்டி மேல் போய் உட்கார்ந்தேன். அவள் இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உன் கால் எங்கே இருந்தது, சக்கரம் எங்கே நின்றது, குடை நீளம், எல்லாமே. உன் குரல் நின்றதால்தான் வண்டி நின்றது, அதனால்தான் அவள் உன்னை முழுசாகப் பார்த்தாள் என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு.

"குரலா? அவரு பேசுவாராண்ணே?"

"இன்னாம்மா இப்டி கேக்குற? வாய மூடவே மாட்டானே. யார்டே காதப் பொத்திகினு இருக்கும்."

"வூட்ல வாயே தொறக்க மாட்டாருண்ணே. நான் ஒண்ணு கேட்டா தலையாட்டுவாரு, அவ்ளோதான். பல்லு வலின்னு எந்நேரமும் கிராம்ப அடக்கிகினு உக்காந்துருப்பாரு. எம்மேல கோவம்னே நெனச்சுகினு இருந்தேன். இத்தினி வருஷமா."

பல் வலியா, பாய்? எங்களிடம், தொண்டை கட்டிக்கொள்கிறது, அதற்குத்தான் கிராம்பு என்றாயே. நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டையை இங்கேயே காலி பண்ணிவிட்டு, வீட்டுக்கு வெறும் தலையாட்டலை மட்டும் கொண்டுபோயிருக்கிறாய். தொண்டை வலி என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்ல உனக்கு என்ன கேடு? கவலைப்படுவாள் என்று மறைத்தாயோ என்னவோ. அவள் அதைவிடப் பெரிய கவலையோடு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். உன் மேல் எனக்குக் கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன். இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

"அப்படி இன்னாதான் பேசுவாரு?" என்று கேட்டாள்.

"ஒன்னப் பத்திதான்" என்றேன். இறா தொக்கைச் சொன்னேன், ஊசி உடைந்ததைச் சொன்னேன், வளையலைச் சொன்னேன். அவள் தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊசி வாங்கியாந்தப்ப தையல் மெஷின் மேல வெச்சுட்டுப் பேசாம போயிட்டாரே" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

ஆபீசர் கருத்துக் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் ரஹீமா முந்திக்கொண்டாள். "ரெண்டாவது செட்டே இருக்கட்டும் சார், குரல் நல்லா கேக்குது. அந்த டிக் மட்டும் வேணாம். பூட்டும் வேணாம். நான் பேசிக்கிறேன்." விற்க வந்த பையன் தயங்கினான். "ஒரு ஆளு உக்காந்த மேனிக்கே செத்துப்போனா அந்த மணி அடிக்குமா தம்பி?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாயணும் சார்" என்று உள்ளதைச் சொன்னான். அந்த வசதியை எல்லா செட்டிலும் அணைத்துக் கொடுக்கலாம் என்றான். ஆபீசர் சரி என்றார். பழைய செட்டை ஸ்டோருக்கு அனுப்பும்போது அந்தத் தோல் உறையை மட்டும் ரஹீமா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

புது செட்டோடு முதல் நாள், "வாங்கண்ணே, வாங்க... இன்னா பேசுறதுன்னு தெரில" என்றாள். எதையாவது பேசு என்றேன். கொஞ்ச நேரம் "வாங்க, வாங்க" மட்டும் வந்தது. அப்புறம், "ஒரு ஆளு எங்கிட்ட பேசாமலே குடும்பம் நடத்துனாரு, அத்தப் பேசட்டா?" என்று ஆரம்பித்தாள். யார்டே காதைத் தீட்டிக்கொண்டது. அன்றைக்கு உன் மானம் கப்பலேறியது. இப்போது கேட் ஆள் அவளையும் வாயை மூடச் சொல்கிறான். மூடினால் வண்டி நின்றுவிடும் என்கிறாள். அதை அவளுக்கு நான் சொல்லித்தரவில்லை.

வேலை முடிந்ததும் டீக்கடையில் தினமும் ஒன்று கேட்பாள். "இன்னிக்கு ஒண்ணு சொல்லுங்கண்ணே." நான் ஞாபகத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். உன் பெரிய மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழா, கூரை ஒழுகியது, ரஹீமாவுக்குக் காய்ச்சல் வந்தபோது நீ பயந்தது. நீ அவளிடம் சொல்லாததெல்லாம் எங்கள் காதில்தானே கிடக்கிறது. எனக்கு மறந்ததைக் கேட் ஆள் சொல்கிறான்.

ஒன்றை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தேன். இன்று காலை, வண்டி கிளம்புவதற்கு முன்னால் அவளே கேட்டுவிட்டாள். "கடைசியா இன்னா சொல்லிகினு இருந்தாரு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. அப்படியே சொன்னேன். "'வா மாமு, வந்துகினே இரு. இன்னிக்கு வூட்டுக்குப் போனதும் ரஹீமாகிட்ட' - அவ்ளோதாம்மா. அதுக்கப்புறம் குரல் வரல."

என்ஜின் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. "எங்கிட்ட?" என்றாள். "ஒங்கிட்டதான்" என்றேன். "இன்னான்னு சொல்லலியா?" "சொல்லலம்மா."

உன் தோல் உறைக்குள் விரலை விட்டு அந்தக் காய்ந்த கிராம்பை எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "நேரமாவுதுண்ணே" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். நான் என்ஜினில் ஏறி உட்கார்ந்தேன். பெட்டியில் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். அப்புறம் வந்தது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "வாங்கண்ணே, வந்துகினே இருங்க."

பிரேக்கை விட்டேன். அவள் பேசிக்கொண்டே போனாள். நடுவில் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினால்கூட என் கை தானாகப் பிரேக்குக்குப் போய்விடுகிறது, பாய். அந்தப் பழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.